ஆம்பூர்த் தோலும் ஜெர்மன் நாயும்

ஜெர்மனிக்கு நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை அங்கே போலீஸ் ஜெர்மன்காரர்களைத் தேடிக்கொண்டிருந்தது. இரண்டாம் தடவை எங்களைப் பிடித்து வைத்துக்கொண்டது. நடுவில் பத்து வருஷம்கூட ஆகவில்லை.

இரண்டு தடவையும் போன காரியம் ஒன்றுதான்: தோல். ஆம்பூரில் ஒரு டேனரியில் நான் ஃபினிஷிங் மாஸ்டர். பதனிட்டு வரும் தோலுக்கு நிறமும் மினுமினுப்பும் ஏற்றுவது என் பிரிவு. கூட வந்தவர் கவுஸ் பாய். எங்கள் முதலாளியின் மைத்துனர், கம்பெனியில் பங்குதாரர். வியாபாரம் அவர் பேசுவார், இங்கிலீஷ் நான் பேசுவேன். அவருக்குத் தமிழும் உருதுவும் தெரியும். மூன்றாவதாகத் தெரிந்த பாஷை சாப்பாடு. ஆள் நல்ல கனம். அவர் ஏறி உட்கார்ந்தால் ஜட்கா வண்டிக் குதிரை ஒருமுறை திரும்பிப் பார்க்கும்.

முதல் பயணம் எமர்ஜென்சி முடிந்த வருஷம், ஐப்பசி மாதம். மீனம்பாக்கத்துக்கு என் மனைவி மெர்சி, அவளுடைய அண்ணன்மார், ஃபினிஷிங் செக்‌ஷன் ஆட்கள் எல்லாரும் ஒரு வேன் பிடித்து வந்துவிட்டார்கள். மாலை போட்டார்கள். போதகர் ஜெபம் செய்தார், கவுஸ் பாயின் மாமா துவா செய்தார். அதிகாரி என் பையைத் திறந்து ஊறுகாய் பாட்டிலைப் பார்த்து, "மாங்காயா, எலுமிச்சையா?" என்று கேட்டார். மாங்காய் என்றேன். "போங்க" என்றார். பாதுகாப்புச் சோதனை என்று எனக்கு ஞாபகம் இருப்பது அவ்வளவுதான்.

ஜெர்மனியில் இறங்கியதும் அப்படியே மாறிவிட்டது. விமானத்துக்குப் பக்கத்தில் ஒரு கவச வண்டி நின்றது. வாசலுக்கு வாசல் இயந்திரத் துப்பாக்கியோடு இளவயசுப் போலீஸ்காரர்கள். கவுஸ் பாய் என் காதோரம் சொன்னார்: "இன்னா மாஸ்டர், இங்கயும் எமர்ஜென்சியா?"

பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்த ஊர்ப் பிள்ளைகளே சிலர் ஒரு குழுவாகச் சேர்ந்து, ஆட்களைக் கடத்துவதும் சுடுவதுமாக இருந்தார்கள். அந்த வாரம் ஒரு விமானமே கடத்தப்பட்டிருந்தது. ரயில் நிலையம், தபால் ஆபீஸ், சிகரெட் கடை என எங்கே பார்த்தாலும் ஒரே போஸ்டர்: வரிசை வரிசையாக இளம் முகங்கள். பிடிபட்டவர்கள் முகத்தில் பேனாவால் குறுக்கே கோடு. கவுஸ் பாய் அதன் எதிரே நின்று வெகுநேரம் பார்த்தார். "காலேஜ் பாஸான பசங்க போல. பொண்ணுங்கதான் ஜாஸ்தி" என்றார்.

எங்கள் தோலை வாங்குகிறவர் ஹெர் கெல்லர் என்ற உயரமான மனிதர். அவர் காரில் போகும்போது போலீஸ் வழிமறித்தது. கெல்லரை இறக்கி, காரின் கூரைமேல் கைகளை வைக்கச் சொல்லி, கணுக்கால்வரை தடவிப் பார்த்தார்கள். பின்சீட்டில் உட்கார்ந்திருந்த எங்கள் இருவரையும் குனிந்து பார்த்து, மரியாதையாகத் தலையசைத்தார்கள். நாங்கள் அந்தப் போஸ்டரில் இருக்க வாய்ப்பே இல்லையே. சோதனைக்கு இறக்கிய எங்கள் தோல் மூட்டையை ஒரு போலீஸ்காரரே துப்பாக்கியைத் தோளில் தள்ளிவிட்டுக்கொண்டு திரும்பத் தூக்கிக் காரில் வைத்தார். "இந்த வருசம் ஜெர்மனில ஜெர்மன்காரனா பொறந்தவனுக்குத்தான் பேஜாரு" என்று கவுஸ் பாய் முடிவு சொன்னார்.

ஊருக்குத் திரும்பி இதை நாங்கள் சிரிக்கச் சிரிக்கச் சொன்னோம். சில வருஷத்தில் நம் பக்கமும் அதே கதை வந்தது. திருப்பத்தூர், ஜோலார்பேட்டைப் பக்கம் நக்சலைட் தேடுதல். பஸ்ஸை நிறுத்தித் தாடி வைத்த இளவட்டங்களை இறக்கினார்கள். எங்கள் கட்டிங் செக்‌ஷனில் கிறிஸ்தவப் பையன்களும் இந்துப் பையன்களும் ஒரே நாளில் மழமழவென்று வந்து நின்றார்கள். ஆனால் தாடியைப் பார்த்து ஆளைப் பிடிக்கும் திட்டம் ஆம்பூருக்கு வந்ததும் படுத்துவிட்டது. இங்கே வெள்ளிக்கிழமை மதியம் பஜாரில் நிற்கிறவர்களில் பாதிப்பேர் தாடி. எத்தனை லாரி கொண்டுவருவது? இதையும் நாங்கள் சொல்லிச் சிரித்தோம். ஆனால் அந்த நாட்களில் மலையடிவாரத்துக்குக் கூட்டிப்போன சிலர் திரும்பி வரவில்லை என்று கேள்விப்பட்டபோது யாரும் சிரிக்கவில்லை.

இரண்டாம் பயணம் எண்பத்தாறில். அதற்குள் உலகமே மாறியிருந்தது. மீனம்பாக்கத்திலேயே குண்டு வெடித்து ஆட்கள் செத்திருந்தார்கள். டெல்லியில் டிரான்சிஸ்டருக்குள் குண்டு வைத்தார்கள். நம் ஆட்கள் நிறைந்த விமானம் ஒன்று நடுக்கடலுக்குமேல் வெடித்துச் சிதறியது. மெர்சி என்னைப் போக வேண்டாம் என்றாள்.

"இன்னாத்துக்கு நீ போவணும்? தோலுக்குத் தபால் இல்லையா?"

தபாலில் போன தோலை வைத்துத்தான் பிரச்சினையே. அனுப்பிய சாம்பிளின் பழுப்பு நிறமும் பிறகு போன சரக்கின் பழுப்பும் ஒத்துப்போகவில்லை என்று கெல்லர் முந்தின ஆர்டரைத் திருப்பிவிட்டார். புதுத் தோலை நாங்களே கொண்டுபோய், அவர் கண்ணெதிரே விரித்துக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த சீசன் வேறு ஊருக்குப் போய்விடும். என் செக்‌ஷனில் ஸ்பிரே அடிக்கிறவர்கள் பாதிப்பேர் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

இந்த முறை விமான நிலையத்துக்கு வழியனுப்ப வந்தவர்களை வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். போதகர் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஜெபம் செய்தார். போலீஸ்காரர் இடுப்பைத் தடவினார். கவுஸ் பாயின் இடுப்பைத் தடவ இரண்டு பேர் வேண்டியிருந்தது. அவருடைய டார்ச்சிலிருந்து பேட்டரியை உருவினார்கள். கடைசியில் விமானத்துக்குப் பக்கத்திலேயே எல்லாப் பெட்டிகளையும் வெயிலில் வரிசையாக வைத்து, அவரவர் பெட்டியை அவரவர் தொட்டுக் காட்டச் சொன்னார்கள். சந்தையில் மாடு பிடிக்கிற மாதிரி நாங்கள் நடந்துபோய்க் காட்டினோம். யாரும் உரிமை கோராத பெட்டி ஏறாதாம்.

கவுஸ் பாயின் கையில் ஒரு தகர டின் இருந்தது. முதல் பயணத்தில் என் ஊறுகாய் பாட்டில் கசிந்து அவருடைய கோட்டு வீணாகியிருந்தது. அதனால் இந்த முறை பஜாரில் மூடியைச் சுற்றி ஈயம் வைத்துப் பற்றவைத்துக்கொண்டு வந்திருந்தார். உள்ளே அவர் வீட்டில் செய்த எண்ணெய்க் கத்தரிக்காய், புளி தூக்கலாக, ஊறுகாய்ப் பக்குவத்தில். ஹெர் கெல்லர் ஆம்பூர் வந்தபோது பிரியாணியோடு அதைத் தின்று, இரண்டு நாள் அதைப் பற்றியே பேசியவர். மீனம்பாக்கத்தில் அந்த டின்னைத் தட்டினார்கள், குலுக்கினார்கள், காதில் வைத்துக் கேட்டார்கள். கடைசியில் வந்த பெரிய அதிகாரி எங்கள் பக்கத்து ஊர், வாணியம்பாடிக்காரர். ஒரு தரம் முகர்ந்துவிட்டு, "கத்திரிக்கா. வுடுங்க" என்றார்.

ஜெர்மனியில் வாணியம்பாடிக்காரர் யாரும் இல்லை.

மறுநாள் காலை இறங்கினோம். கவச வண்டிகளைக் காணோம். போஸ்டர்களும் குறைந்திருந்தன. பரவாயில்லை, நாடு அமைதியாகிவிட்டது என்று நினைத்தேன். சுங்கத்தில் என் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். தோல்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கமாக ஒரு போலீஸ்காரர் நாயைப் பிடித்துக்கொண்டு வந்தார். நல்ல வளர்ந்த நாய். எங்களைத் தாண்டிப் போனது, நின்றது, திரும்பி வந்தது. என் பழுப்புத் தோலை மோந்தது. பிறகு பதவிசாக உட்கார்ந்து என்னைப் பார்த்தது.

"பாத்தியா மாஸ்டர், ஜெர்மன் நாய்க்குக்கூட நம்ம தோலு புடிச்சிருக்கு" என்றார் கவுஸ் பாய்.

அந்த நாய் குரைக்காது, கடிக்காது. வெடிமருந்து வாசனை வந்தால் உட்காரும், அப்படித்தான் அதைப் பழக்கியிருக்கிறார்கள் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? சுற்றிலும் இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. கண்மூடித் திறப்பதற்குள் எங்களைச் சுற்றி ஒருவரும் இல்லை. போலீஸ்காரர்கள் எங்கள் தோளில் கைவைத்து ஒரு அறைக்கு நடத்திப்போனார்கள்.

அறை சுத்தமாக, வெள்ளையாக, நம் ஊர் மிஷன் ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. ஒரு மூலை மேஜையில் என்னையும் எதிர் மூலையில் கவுஸ் பாயையும் உட்கார வைத்தார்கள். என்னிடம் வந்த அதிகாரி நடுவயசுக்காரர், நல்ல இங்கிலீஷ். தோலைப் பிடித்துக்கொண்டு, இதன்மேல் என்ன ரசாயனம் பூசியிருக்கிறீர்கள் என்று கேட்டார்.

என் தொழிலைப் பற்றி என்னிடம் யாராவது கேட்டால் எனக்கு உற்சாகம் வந்துவிடும். ஆதியிலிருந்து சொன்னேன். முதலில் நிறப்பூச்சு, அதன்மேல் கேசின், அயர்ன் போடுவது, கடைசியில் பளபளப்புக்கு மேல்பூச்சு. "அந்த மேல்பூச்சு என்ன?" என்றார். "நைட்ரோ செல்லுலோஸ் லாக்கர்" என்றேன், பெருமையாக. நல்ல கம்பெனிச் சரக்கு அது. வெடிமருந்திலும் அதே நைட்ரோதான் இருக்கிறது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

பக்கத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர் 'நைட்ரோ' வரைக்கும் அடித்துவிட்டுக் கையை எடுத்தார். அறையே நின்றுவிட்டது. எதிர் மூலையிலிருந்து கவுஸ் பாய், "மாஸ்டர், வார்னிசுன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம் இல்ல?" என்றார்.

அவரை விசாரிக்கத் தமிழ் தெரிந்தவர் ஒருவரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஒல்லியாக, மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு வாலிபர் வந்தார். பெயர் யோகன். இலங்கைத் தமிழர், யாழ்ப்பாணப் பக்கம். அகதியாக அங்கே போனவர். போலீசுக்கு மொழிபெயர்க்க ஆள் தேவைப்படும்போது அவரைக் கூப்பிடுவார்களாம். தமிழ் பேசும் ஒருவரைக் கண்டதும் கவுஸ் பாய்க்கு உயிர் வந்தது. அது அதிக நேரம் நீடிக்கவில்லை.

"ஐயா, பயப்படாதேங்கோ. உங்களிட்டக் குண்டு ஏதும் இருக்கோ எண்டு கேக்கினம்" என்றார் யோகன்.

கவுஸ் பாய் தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டார். "குண்டாத்தான் இருக்கேன் தம்பி. பொறந்ததுலேர்ந்தே இந்த ஒடம்புதான். எங்க வாப்பாவும் இப்டித்தான் இருந்தாரு. அதுக்கு இவங்களுக்கு இன்னா வந்துது?"

யோகன் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. பிறகு நிமிர்ந்து ஜெர்மனில் ஒரே ஒரு சொல் சொன்னார். இவ்வளவு நீளமாகச் சொன்னது வெறும் 'இல்லை'தானா என்று அதிகாரி சந்தேகப்பட்டார்.

"இஞ்ச என்னத்துக்கு வந்தனீங்கள் எண்டு வடிவாக் கதையுங்கோ, ஐயா."

"கதைலாம் வுடல தம்பி. நெசத்தத்தான் சொல்றேன். தோல் விக்க வந்தோம்."

அதற்குள் எக்ஸ்ரேயிலிருந்து ஆள் ஓடிவந்தார். டின்னைப் படம் எடுத்திருக்கிறார்கள். படத்தை நானும் பார்த்தேன். உருண்டை உருண்டையாகக் கறுப்புப் பந்துகள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சின்னத் திரி. கத்தரிக்காயைக் காம்போடு போட்டால்தான் குழையாது என்பது கவுஸ் பாய் வீட்டுப் பழக்கம். அதை யோகன் எவ்வளவோ விளக்கினார். கத்தரிக்காய்க்கு எதற்கு ஈயம் வைத்துப் பூட்டு என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள்.

டின்னை நீளக் கைப்பிடி வைத்த வண்டியில் வெளியே ஒரு மணல் திட்டுக்குக் கொண்டுபோனார்கள். தண்ணீரைத் துப்பாக்கி மாதிரி பீய்ச்சி உடைப்பார்களாம். அடுத்தது தோல் பெட்டியையும் அப்படியே செய்ய உத்தரவு என்று யோகன் சொன்னார். சாம்பிள் போனால் எல்லாம் போனது.

"வெடிக்காத சாமான வெடிக்க வைக்கறதுக்கு ஒரு டிபார்ட்மெண்டா?" என்றார் கவுஸ் பாய்.

ஜன்னல் வழியே டப்பென்று ஒரு சத்தம் கேட்டது. சுவரெல்லாம் எண்ணெய். கவசம் போட்டிருந்த ஆள் முகமூடியைக் கழற்றிவிட்டு அடுக்கடுக்காகத் தும்மினார். எங்கள் மிளகாய் குண்டூரிலிருந்து வருவது.

டின் விஷயம் தீர்ந்தது; தோல் பெட்டியை உடைக்கும் உத்தரவும் நின்றது. அதிகாரி என்னிடம் வந்து, கொஞ்சம் இளகின குரலில் சொன்னார்: "மிஸ்டர் சாமுவேல், உங்கள் காகிதங்கள் சரி. தோல் மாதிரியில் ஒரு துண்டு பரிசோதனைக்குப் போயிருக்கிறது. நீங்கள் மற்றதை எடுத்துக்கொண்டு போகலாம். உங்கள் நண்பர் இருக்க வேண்டும்."

"அவர் ஏன்?"

"பெயரைச் சரிபார்க்க வேண்டும். இது எப்போது முடியும் என்று சொல்ல முடியாது."

அவர் முழுப் பெயர் கவுஸ் மொஹிதீன். சில மாதங்களுக்கு முன் பெர்லினில் ஒரு நடன விடுதியில் குண்டு வெடித்ததிலிருந்து இப்படிப்பட்ட பெயர்களைக் கூடுதலாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்களாம். அதிகாரி அதைக் கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொன்னார். முதல் தடவை வந்தபோது போஸ்டரில் முகம் இருந்தது. இப்போது போஸ்டரே தேவைப்படவில்லை, பெயர் போதும்.

ஹெர் கெல்லர் அன்று மாலையே இத்தாலிக்குப் போகிறவர். மதியத்துக்குள் தோலைப் பார்த்தால்தான் உண்டு. அவர் மட்டும் இருக்க வேண்டும் என்று யோகன் சொன்னதும் கவுஸ் பாய் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு இல்லை.

"போ மாஸ்டர். தோலக் காட்டு. என்னிய எப்ப வேணா வந்து கூட்டிக்கலாம்."

அந்த வெள்ளை அறையில், பாஷை தெரியாமல், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் அந்தக் கனத்த மனிதர் ஒரு சின்ன நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். "அந்தாளு ரேட்டு கேட்டா நான் இன்னா பாய் சொல்றது? எனக்கு வியாபாரம் தெரியுமா? இருங்க" என்று சொல்லிப் பெட்டியைக் கீழே வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "பசிக்குது" என்றார். யோகன் எங்கிருந்தோ அவித்த முட்டையும் ரொட்டியும் கொண்டுவந்தார். "பண்டி இறைச்சி இல்லை, நான் பாத்துத்தான் எடுத்தனான்" என்றார்.

கெல்லருக்குப் போன் பண்ண அனுமதி கிடைத்தது. அவர் வருவதற்குள் நாயை மறுபடி கொண்டுவந்தார்கள், தோலை இன்னொரு தரம் மோக்கவிட்டு உறுதி செய்துகொள்ள. நாய் அறைக்குள் வந்தது. தோலைப் பார்த்தது. அதை விட்டுவிட்டு நேராக அதிகாரியிடம் போனது. அவர் இடுப்பில் புத்தம்புதுத் தோல் பெல்ட்டு, பளபளவென்று துப்பாக்கி உறை. நாய் அதை மோந்துவிட்டு அவர் எதிரே பதவிசாக உட்கார்ந்தது.

அதிகாரி ஒரு பக்கம் நகர்ந்தார். நாயும் நகர்ந்து உட்கார்ந்தது.

"தம்பி, அவரக் கேளு, அது எந்த ஊரு தோலுன்னு" என்றார் கவுஸ் பாய்.

"இதை நான் மொழிபெயர்க்க மாட்டன்" என்றார் யோகன்.

டைப் அடிக்கிறவர்தான் முதலில் சிரித்தவர். பிறகு நாயைப் பிடித்தவர். கடைசியில் அதிகாரியும் சிரித்து, பெல்ட்டைக் கழற்றி மேஜைமேல் என் தோலுக்குப் பக்கத்தில் வைத்தார். நாய் இரண்டுக்கும் பொதுவாக நடுவில் உட்கார்ந்தது. அந்த நேரம் பார்த்து ஹெர் கெல்லர் மூச்சிரைக்க உள்ளே வந்தார். யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. மேஜையில் விரித்திருந்த தோலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார், மடித்தார், நகத்தால் கீறினார், எச்சில் தொட்டுத் தேய்த்தார். பிறகு பக்கத்திலிருந்த பெல்ட்டையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, அதைத் தள்ளிவைத்தார்.

"இந்தப் பழுப்புதான் எனக்கு வேண்டும்" என்றார். ரேட்டை கவுஸ் பாய் அங்கேயே பேசினார். யோகன் மொழிபெயர்த்தார். போலீஸ் அறையில், போலீஸ் மேஜையில் எங்கள் சீசன் ஆர்டர் முடிந்தது. பெயர் சரிபார்த்த தகவல் வந்தபோது இருவரும் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த நாள் ஊர் பார்க்கக் கிளம்பினோம். ரயில் நிலையத்தில் கவுஸ் பாய் தன் பையை பெஞ்சில் வைத்துவிட்டு டிக்கெட் மெஷினோடு சண்டைபோட வந்தார். நம் ஜோலார்பேட்டையில் பெஞ்சில் ஒரு பையைப் போட்டால் இடம் பிடித்தாயிற்று என்று அர்த்தம். அங்கே திரும்பிப் பார்க்கும்போது பிளாட்பாரமே காலி. பைக்கு நாலு பக்கமும் ஆள் இல்லை. தூரத்திலிருந்து இரண்டு போலீஸ்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். கவுஸ் பாய் ஓடியதை நான் அன்றுதான் முதலும் கடைசியுமாகப் பார்த்தேன். பையை மார்போடு அணைத்துக்கொண்டு, "நம்ம பை, நம்ம பை" என்று தமிழில் கூவினார். பிறகு ஊர் பார்க்கும் ஆசை இருவருக்கும் போய்விட்டது. உருளைக்கிழங்கு தின்றுகொண்டு ஓட்டல் அறையிலேயே இருந்தோம்.

கிளம்பும் நாள் யோகன் விமான நிலையத்துக்கு வந்தார். எங்களை வழியனுப்ப அங்கே வேறு யார் இருக்கிறார்கள்? காபி குடித்தோம். அவர் அம்மா இராமேஸ்வரம் வழியாக வந்து, இப்போது அணைக்கட்டுப் பக்கம் அகதி முகாமில் தனியாக இருக்கிறாராம். அணைக்கட்டு என்றதும் நான் நிமிர்ந்தேன். வேலூரிலிருந்து கூப்பிடு தூரம்.

"நீங்க எந்த இயக்கத்துலயாவது...?" என்று கேட்டுவிட்டு ஏன் கேட்டோம் என்று ஆயிற்று எனக்கு.

"ஒண்டிலையும் இல்லை அண்ணை. அதை மூண்டு நாட்டுப் பொலிசுக்கும் சொல்லிச் சொல்லித்தான் எனக்கு இந்த மொழிபெயர்ப்பே பழகினது" என்றார் சிரித்துக்கொண்டே.

ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். கனமான கம்பளி ஸ்வெட்டர், கழுத்துவரை பித்தான் வைத்தது. "குளிர்காலம் வருதுதானே, அம்மாட்டக் குடுங்கோ."

கவுஸ் பாய் வாயைத் திறந்தார். அணைக்கட்டில் ஏது குளிர் என்று சொல்லப்போகிறார் என்று அவர் காலை மிதித்தேன். அவர், "கட்டாயம் குடுக்கறோம் தம்பி" என்றார்.

நாங்கள் திரும்பிவந்து கொஞ்ச நாளில் இங்கே இன்னொன்று நடந்தது. அதுவரை ஈழத்து இயக்கப் பையன்கள் வேலூர் பஸ் ஸ்டாண்டில் உண்டியல் குலுக்குவார்கள், புகைப்படக் கண்காட்சி வைப்பார்கள். டியூட்டியில் இருக்கும் கான்ஸ்டபிளே உண்டியலில் சில்லறை போட்டதை நான் பார்த்திருக்கிறேன். திடீரென்று ஒரு விடியற்காலை மாநிலம் முழுக்கப் போலீஸ் இறங்கி அந்தப் பையன்களிடமிருந்த ஆயுதங்களை வாங்கிவிட்டது. நேற்றுவரை தம்பி, இன்று விசாரணை. இயக்கத்தோடு சம்பந்தமே இல்லாத முகாம் ஜனங்களுக்கும் கெடுபிடி வந்தது.

நாங்கள் அணைக்கட்டுக்குப் போனது அந்தச் சமயத்தில்தான். முகாம் வாசலில் மேஜை போட்டு ஒரு கான்ஸ்டபிள் உட்கார்ந்திருந்தார். தொப்பியைக் கழற்றி அதாலேயே விசிறிக்கொண்டிருந்தார்.

"பையில இன்னா?"

"ஸ்வெட்டர்" என்றேன்.

வெளியே எடுத்தார். வெயிலில் விரித்துப் பார்த்தார். "அணைக்கட்டுக்கு எவன்யா ஸ்வெட்டர் அனுப்புவான்? இதுவே சந்தேகமா இருக்குதே" என்று தையல் தையலாக அமுக்கிப் பார்த்தார். "யார் அனுப்புனது?"

"உள்ள இருக்கற ஒரு அம்மாவோட பையன். ஜெர்மனிலேர்ந்து."

"ஓகோ. பையன் எந்த இயக்கம்?"

நான் பதில் சொல்வதற்குள் கவுஸ் பாய் முன்னால் வந்தார். "போலீசு" என்றார்.

"இன்னாது?"

"ஜெர்மன் போலீசுக்கு வேல பாக்கறாருங்க. பெரிய ஆபீசர் பக்கத்துலயே நாற்காலி. இவர் சொல்றதக் கேட்டுத்தான் அந்த ஆபீசரே எழுதிக்கறாரு. நான் என் கண்ணால பாத்தேன்."

ஒரு சொல்லும் பொய் இல்லை. கான்ஸ்டபிள் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். எழுந்தார். ஸ்வெட்டரை ஒழுங்காக மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, அவரே உள்ளே போய் அந்தம்மாவைக் கூட்டிவந்தார். தன் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கம்மா. மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று அந்தம்மாவுக்குப் புரியவில்லை. யோகனைப் போலவே ஒல்லி. நாற்காலியின் ஓரத்தில் பயந்துகொண்டு உட்கார்ந்தார்.

நாங்கள் யோகனைப் பார்த்ததைச் சொன்னோம். நன்றாக இருக்கிறார், முட்டையும் ரொட்டியும் வாங்கிக் கொடுத்தார், நன்றாகச் சிரிக்கிறார் என்றெல்லாம் சொன்னோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தாழ்ந்த குரலில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப, அங்க அவனை ஒருத்தரும் பிடிக்க மாட்டினமோ?"

"அவரையா? எங்களப் புடிச்சு வச்சிருந்தாங்கம்மா. வுட வச்சதே அவர்தான்" என்றார் கவுஸ் பாய்.

நான் ஸ்வெட்டரைக் கொடுத்தேன். அந்தம்மா அதை வாங்கி மடிப்பைப் பிரித்தார். ஸ்வெட்டரை முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பிறகு சேலைக்குமேல் அதைப் போட்டுக்கொண்டு, கீழிருந்து ஒவ்வொன்றாகக் கழுத்துவரை பித்தான் போட்டார். வெயில் உச்சியில் இருந்தது. கான்ஸ்டபிளின் கன்னத்தில் வேர்வை ஓடியது. அவர் அந்தம்மாவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "குளுருதாம்மா?" என்றார்.

"ஓம்" என்றார் அந்தம்மா. "நல்ல குளிர்."